ஒரு சாண் ஆழத்தில் இருந்த ஈரம்

அலவத்துகொடையில் மாமாவின் வயலில் நெல் அறுத்த பிறகு போஞ்சிப் பயிர் போடுவார்கள். அந்த வருடம் மாமாவுக்கு முழங்கால் வீங்கி வயலுக்கு இறங்க முடியவில்லை. உழலாமா என்று மண்ணைப் பார்த்துவர என்னை அனுப்பினார்.

“நீங்க விவசாயம் படிச்ச புள்ளதானே மகள். பாத்து சொல்லுங்க.”

படித்தது நினைவிருந்தது. அரை ஈரமான மண்ணில் சின்னஞ்சிறு துணிக்கைகளுக்கு இடையே கொஞ்சம் நீரும் கொஞ்சம் காற்றும் இருக்கும். அந்தக் கொஞ்ச நீர்தான் துணிக்கைகளை இழுத்துப் பிடித்து மண்ணுக்குப் பலம் தருகிறது. ஈரம் கூடினால் பிடி தளரும். பாரம் ஏறும்போது காற்று இருந்த இடமெல்லாம் நசுங்கி அடைபடும். அதனால் ஒரு சாண் தோண்டி, அடிமண்ணை உருட்டிப் பார்க்க வேண்டும். திரியாகத் திரண்டால் இன்னும் உழக் கூடாது.

வீட்டில் பிள்ளைக்குக் காய்ச்சல். மாமியிடம் விட்டு வந்திருந்தேன். மருந்தின் அளவு சரிதானா என்ற யோசனையிலேயே வரப்பில் குனிந்து ஒரு பிடி மேல்மண் எடுத்தேன். உதிர்ந்தது. மண்வெட்டி கொண்டுபோகவில்லை.

உழ வந்திருந்த ட்ராக்டர்காரர் இறங்காமலே கேட்டார்:

“ராத்தா, கீழ ஈரம் ஈக்குமே? ரெண்டு நாள் காய உடுவமா?”

“பாத்துட்டன். நீங்க உழுங்க.”

கலப்பை புரட்டிய கட்டிகள் வெட்டிய சவர்க்காரக் கட்டி போல ஈரத்தில் மினுங்கின. அப்போதே நிறுத்தச் சொல்லியிருக்கலாம். சொன்னதை எப்படி மாற்றுவது என்று தயங்கி, வீட்டுக்கு நடந்துவிட்டேன்.

போஞ்சி முளைத்தது, முழங்கால் உயரத்தில் மஞ்சளாகி நின்றுவிட்டது. மாமா தடியூன்றி இறங்கி ஒரு செடியைத் தோண்டினார். வேர் நாலு விரல் கீழே போய், இறுகிய மண்ணில் முட்டிப் பக்கவாட்டில் திரும்பியிருந்தது.

“ட்ராக்டர ஒரே எடத்துல ஏத்தி எறக்கி மிதிச்சிருக்கான் அந்த மடையன். மண்ணு சரியா ஈந்திச்சிதானே? தோண்டிப் பாத்தீங்கதானே மகள்?”

“ஓ மாமா” என்று தலையாட்டினேன்.

அடுத்த போகத்துக்கு வேறொரு ட்ராக்டரைப் பேசினார். நான் முழங்கை ஆழத்துக்குத் தோண்டி, மூன்று நாள் பொறுக்கச் சொன்னேன்.

“பாத்தியா, படிச்ச புள்ளட வேலய!” என்று மாமியிடம் பெருமைப்பட்டார்.

பக்கத்து வயலில் பழைய ட்ராக்டர்காரர் உழுதுகொண்டிருந்தார். என்னிடம் கேட்டதையும் நான் சொன்ன பதிலையும் அவர் யாரிடமும் சொல்லவில்லை. மாமா கடைத்தெருவில் அவரை ஏசியபோதும் சொல்லவில்லை. நான்தான் சொல்லியிருக்க வேண்டும். சொல்லியிருந்தால் மாமா கோபித்திருப்பாரா, சிரித்திருப்பாரா என்பதுகூட எனக்குத் தெரியாது.