கோட்டுக்கு மேலே ஏறிய தண்ணீர்

ஷெட்டைத் திறந்ததும் மெக்கானிக், வண்டிகளுக்கு அடியில் விரித்திருக்கும் அட்டைகளை ஒவ்வொன்றாக உருவி வெளிச்சத்தில் தூக்கிப் பிடிக்கிறார். ஊரார் காலையில் பேப்பர் பார்ப்பார்கள். இவர் அட்டை பார்ப்பார். கறுப்புச் சொட்டு என்றால் ஆயில், பச்சை என்றால் இன்ஜினைக் குளிர்விக்கும் கூலன்ட். விரலால் தொட்டு, தேய்த்து, மோந்து பார்த்த பிறகுதான் வாயைத் திறப்பார். திறந்தாலும் வருவது ஒரே சொல்: "பொறுங்க." வாடிக்கையாளர்கள் அவருக்கு வைத்திருக்கும் பெயரும் 'பொறுங்கண்ணன்'தான்.

இந்த வாரம் பொறுங்கண்ணனுக்கே பொறுமை போய்விட்டது. காரணம், மூலையில் நிற்கும் பழைய நீல நிறக் கார். ஓய்வு பெற்ற பஸ் டிரைவர் ஒருவருடையது. தண்ணீர் குறைந்து நடுரோட்டில் கொதித்து நின்றுவிட்டதாம். கூட வந்த மனைவி, இன்ஜினைப் பிரிக்கிற அளவுக்குக் கோளாறு என்றால் வண்டியை விற்றுவிடுவதாகக் கறாராகச் சொல்லிவிட்டார். காலமெல்லாம் ஸ்டியரிங் பிடித்த மனிதர், சாவியை நீட்டிவிட்டுக் காரையே பார்த்துக்கொண்டு நின்றார். அந்த முகத்தைப் பார்த்ததிலிருந்து, எப்படியாவது சின்னக் கோளாறாக இருந்துவிட வேண்டுமே என்று மெக்கானிக்குக்கு மனசு கிடந்து அடித்துக்கொள்கிறது.

கூலன்ட் டப்பாவில் தண்ணீர் நிற்கும் மட்டத்துக்கு மார்க்கரால் ஒரு கோடு போட்டார். அதுவும் அவர் பழக்கம். முதல் நாள் அட்டையில் பளிச்சென்று பச்சைச் சொட்டு. கசிவுதான், சந்தேகமில்லை. மறுநாள் சொட்டு வெளிறிப்போயிருந்தது. அதற்கு மறுநாள் அட்டை சும்மா கிடந்தது. டப்பாவைப் பார்த்தால், தண்ணீர் கோட்டுக்கு மேலே ஏறி நிற்கிறது.

தலை சுற்றியது. ஆயில் மூடியைத் திறந்தார். தண்ணீர் கலந்த அடையாளம் இல்லை. புகையிலும் குறை சொல்ல முடியவில்லை. உள்ளே கால் வைக்கும் இடத்தில் விரிப்பு காய்ந்து கிடந்தது. வழக்கம்போல இன்ஜினை ஓட்டி, வெதுவெதுப்பாக இருக்கும்போது கைப்பம்பால் அழுத்தம் ஏற்றினார், ஏறிய முள் இறங்கவில்லை, எங்கும் கசியவில்லை. காரைச் சுற்றிச் சுற்றி வந்தார். கையில் ஸ்பேனரை வைத்துக்கொண்டே ஸ்பேனரைத் தேடினார். தினமும் வந்து தன் காரில் சற்று நேரம் உட்கார்ந்துவிட்டுப் போகும் டிரைவரிடம், ஒன்றும் பிடிபடவில்லை என்று ஒப்புக்கொண்டுவிட்டு டீ குடிக்கப் போனார்.

வீட்டிலும் அதே நினைப்புதான். டீயில் சர்க்கரை போட்டாயிற்றா என்று மனைவியிடம் இரண்டு தடவை கேட்டார்.

"தண்ணி குறைஞ்சா வியாதின்னு சொல்லலாம். கூடினா அதுக்கு என்ன பேரு?"

"யாராவது ஊத்தியிருப்பாங்க" என்றார் மனைவி, துணி மடித்தபடியே.

பூட்டிய ஷெட்டில் எந்தப் பேய் வந்து ஊற்றும் என்று சிரித்தார். படுத்த பிறகு சிரிப்பு வரவில்லை.

காலையில் முதல் வேலையாக டப்பாவுக்குள் டார்ச் அடித்தார். மட்டத்தை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தவர் அன்றுதான் நிறத்தைப் பார்த்தார். பச்சை போய், பாத்திரம் அலசிய தண்ணீர்போல இருந்தது. வெறும் தண்ணீர் சொட்டினால் அட்டையில் கறை ஏது? இன்ஜினைச் சூடாக்காமல், குளிர்ந்து கிடக்கும்போதே அழுத்தம் ஏற்றினார். ரேடியேட்டரின் கீழ் ஹோஸில், கிளாம்புக்கு அடியிலிருந்து சொட்டு விழுந்தது. சூட்டில் ஒட்டிக்கொண்டு, ஆறினால் வாய் திறக்கிற மெல்லிய வெடிப்பு. அத்தனை நாள் குழப்பத்துக்கு இவ்வளவுதானா என்று எரிச்சலும், இவ்வளவுதான் என்று நிம்மதியும் சேர்ந்தே வந்தன.

ஹோஸையும் கிளாம்பையும் மாற்றி, பழைய தண்ணீரை வடித்துப் புது கூலன்ட் நிரப்பிக்கொண்டிருந்தபோது டிரைவர் வந்தார். மெக்கானிக், அவர் தினமும் வந்து உட்காரும் டிரைவர் சீட்டுக்கு அடியில் கைவிட்டார். பாதி காலியான தண்ணீர் பாட்டில் வந்தது.

டிரைவர் தரையைப் பார்த்தார். "நீங்க டீ குடிக்கப் போறப்போ ஊத்துவேன். தண்ணி குறையலைன்னா இன்ஜின் போச்சுன்னு சொல்ல மாட்டீங்கன்னு நெனச்சேன்."

அதற்குள் அவருடைய மனைவி வாசலில் வந்து நின்று, வண்டியை விற்பதா வேண்டாமா என்று கேட்டார். வழக்கமான 'பொறுங்க' இன்று வரவில்லை.

"விக்க வேண்டாம்மா. ஹோஸ்தான். மாத்தியாச்சு."

அந்த அம்மா காரைச் சுற்றி வந்து மறுபக்கம் ஏறி உட்கார்ந்தார். மெக்கானிக் பாட்டிலில் இருந்த தண்ணீரை மண்ணில் கொட்டினார். மிச்சமிருந்த பச்சைக் கூலன்டை அதில் ஊற்றி, யாரும் குடித்துவிடாதபடி மூடியைச் சுற்றிக் கறுப்பு டேப்பை இறுக்க ஒட்டி, டிரைவர் சீட்டுக்கு அடியில் பழைய இடத்திலேயே தள்ளி வைத்தார்.