வாய் மூடிச் சேலை எடுத்த நாள்

என் மகள் செவ்வாய்ப்பேட்டையில் ஒரு துணிக்கடையில் சேலைப் பிரிவில் வேலை பார்க்கிறாள். நாங்கள் நரிக்குறவர் என்று அங்கே யாருக்கும் தெரியாது. முன்பு வேலை பார்த்த கடையில் தெரிந்துபோய், சாயங்காலம் கிளம்பும்போது அவள் பையை மட்டும் திறந்து பார்க்க ஆரம்பித்தார்கள். அதிலிருந்து வீட்டில்கூடத் தமிழ்தான் பேசுவாள். எங்கள் பாஷைக்கு எழுத்து கிடையாது. வாயில்தான் இருக்கிறது, வாயை மூடினால் போச்சு. எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

தங்கை மகள் கல்யாணத்துக்கு அங்கேதான் சேலை எடுப்பேன் என்று அடம்பிடித்தேன். மகள் கடையில் நிற்பதை ஒரு தடவை கண்ணால் பார்க்க வேண்டும், அவ்வளவுதான். தெரிந்தவள்போல் காட்டிக்கொள்ளக் கூடாது, எங்கள் பாஷையில் மூச்சு விடக் கூடாது என்று சத்தியம் வாங்கிக்கொண்டாள். கழுத்திலிருந்த பாசிமாலைகளையும் கழற்றச் சொன்னாள். வெறுங்கழுத்தோடு இழவு வீட்டுக்குப் போவதுபோலப் போனேன்.

அடுத்த கவுண்டரில் எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு சேலை மடித்தாள் மகாராணிபோல என் மகள். என் முன்னால் இருந்த விற்பனைப் பெண் ஒரு பச்சைச் சேலையை விரித்து, எனக்கு எடுப்பாக இருக்கிறது என்றாள். மயங்கிப்போய்ப் பணத்தை எடுத்தேன்.

முதுகைத் திருப்பாமலே என் மகள் எங்கள் பாஷையில் பொரிந்தாள். பழைய சரக்கு, மடிப்பில் இற்றுப்போயிருக்கிறது, கண்ணை வீட்டிலேயே வைத்துவிட்டு வந்தாயா என்றாள்.

சத்தியம் சத்தியம்தானே.

"யாரும்மா நீ? என்ன சொல்றே, ஒண்ணும் புரியலையே" என்றேன், சுத்தத் தமிழில்.

அவளுக்கு வந்ததே கோபம்! திரும்பி நின்று, மாடி முழுக்கக் கேட்கும்படி அதையே இன்னும் நாலு வசவோடு சொன்னாள். எத்தனை வருஷமாயிற்று அந்த வசவுகளை அவள் வாயால் கேட்டு! சூப்பர்வைசர் வந்து, இது என்ன பாஷை என்று கேட்டார். இந்த வேலையும் போய்விடும் என்று பயந்து, முந்திக்கொண்டு, "இந்திங்க சார்" என்றேன்.

மகள் என்னையே பார்த்தாள்.

"இந்தி இல்லீங்க சார். எங்க பாஷை. நாங்க நரிக்குறவருங்க. இவங்க எங்கம்மா."

அம்மாவுக்கு நல்லதாக எடுத்துக் கொடு என்று சொல்லிவிட்டுச் சூப்பர்வைசர் போனார். பச்சைச் சேலைக்காரி மட்டும் முறைத்தாள்.

சத்தியம் இனி எதற்கு? அவ்வளவு நேரம் அடக்கிய வாயைத் திறந்து, எங்கள் பாஷையில் மகளைத் திட்டித் தீர்த்தேன். திட்டும்போதே அழுகை வந்துவிட்டது. அவள் ஒரு மாம்பழ நிறச் சேலையை என் தோளில் போட்டுப் பார்த்து, கழுத்து ஏன் இப்படி மொட்டையாக இருக்கிறது, பாசியைப் போட்டுக்கொண்டு வந்திருக்கலாமே என்று எங்கள் பாஷையிலேயே கேட்டாள்.