சித்தியைத் தேடி அழுத பிள்ளை

எனக்கு ஆறு வயது நடந்தபோது எங்கள் தெருவில் என்னைவிடச் செல்லப் பிள்ளை வேறு யாரும் கிடையாது. இதை நானே சொல்லிக்கொள்வது அழகில்லைதான். ஆனால் சாயங்காலமானால் என்னை அழைத்துப்போக ஆள் வந்து நிற்கும்போது நான் வேறு என்ன நினைக்க முடியும்? ஒரு நாள் எதிர்வீட்டுத் தையல்கார மாமா வருவார், மறுநாள் எருமை வைத்திருந்த பால்காரர், இன்னொரு நாள் மாதா படம் மாட்டிய வீட்டு ஆன்ட்டி. பஸ் ஸ்டாப்புக்கு அழைத்துப்போய் டீக்கடையில் எனக்கு ஒரு சூடான போண்டா வாங்கித் தருவார்கள். அதற்குள் சித்தியின் பஸ் வந்துவிடும். எல்லோரும் சேர்ந்து வீடு திரும்புவோம்.

சித்தி, அம்மாவின் தங்கை. ஊரில் படிப்பை முடித்துவிட்டு சேக்காட்டில் எங்கள் வீட்டில் தங்கி, அம்பத்தூர் எஸ்டேட்டில் ரேடியோ பாகங்கள் செய்யும் ஒரு கம்பெனிக்கு அப்ரண்டிஸாகப் போய்க்கொண்டிருந்தாள். வருஷம் முழுக்க ஒழுங்காகப் போனால் வேலை நிரந்தரம். பஸ் ஸ்டாப்புக்கும் எங்கள் தெருவுக்கும் நடுவில் வேலிகாத்தான் முள் மண்டிய காலி மனைகள். கம்பம் உண்டு, விளக்கு கிடையாது. அங்கே இரண்டு பேர் சைக்கிளில் அவள் பின்னாலேயே பாடிக்கொண்டு வந்தார்கள் என்று ஒரு நாள் பேச்சு கிளம்பியது.

அப்பாவுக்குச் சுருக்கென்று கோபம் வரும். "இன்னொரு தபா இந்த மாதிரி காதுல உழுந்துச்சு, வேலயும் வாணாம் ஒண்ணியும் வாணாம். ஊருக்கு பஸ் ஏத்தி உட்டுருவேன்" என்றுவிட்டார். அவருக்கோ ஷிப்ட் வேலை. அம்மாவின் இடுப்பில் கைக்குழந்தையாகத் தம்பி. சித்தி இன்னும் மோசம். தனக்குக் காவலுக்கு ஆள் போட்டால் தானே வேலையை விட்டுவிடுவதாகச் சொல்லிவிட்டாள். அவ்வளவு ரோஷம்.

அந்த வாரம் தெருக்குழாயடியில் பெரியவர்கள் வெகுநேரம் பேசினார்கள். அதற்குப் பிறகுதான் எனக்கு யோகம் அடித்தது. வயசுப் பெண்ணுக்காக ஒரு ஆண்பிள்ளை பஸ் ஸ்டாப்பில் போய் நின்றால் ஊர் கண்ணு காது மூக்கு வைத்துப் பேசும். கையில் ஒரு குழந்தை இருந்தால் பேசாது. இந்தச் சங்கதியெல்லாம் எனக்கு எங்கே தெரியும்? சித்தி பஸ்ஸை விட்டு இறங்கியதும், அழைத்துப்போனவர்கள் என்னைக் காட்டித் தவறாமல் ஒரே பொய்யைச் சொல்வார்கள்: "உன்னியத் தேடி ஒரே அழுவம்மா." நான் அழுததே கிடையாது. ஆனால் வாய் நிறைய போண்டாவை வைத்துக்கொண்டு எதற்கு மறுத்துப் பேச வேண்டும்?

ஒரு நாள் தையல்கார மாமாவின் முறை. போன தடவை கடையில் போண்டா தீர்ந்துபோய் எனக்குக் காய்ந்த பன் வாங்கித் தந்திருந்தார். அந்த அவமானத்தை நான் மறக்கவில்லை. வரமாட்டேன் என்று வாசற்படியில் உட்கார்ந்துவிட்டேன்.

"எந்திரி கண்ணு, பஸ்ஸு வந்துடப் போவுது. போண்டா வாங்கித் தரேன்."

"அன்னிக்கும் இப்பிடித்தான் சொன்ன."

அம்மா கெஞ்சினாள். பிறகு முதுகில் ஒன்று வைத்தாள். நான் கதவைக் கட்டிக்கொண்டேன். இருட்டத் தொடங்கியிருந்தது. மாமா சுற்றுமுற்றும் பார்த்தார். மாதா வீட்டு வாசலில் பாதி தோசையோடு நின்றிருந்த பையனை அலாக்காகத் தூக்கி சைக்கிள் பாரில் உட்கார வைத்து மிதிக்க ஆரம்பித்தார். நான் உட்காரும் பாரில் அந்த மூக்கொழுகியா! எனக்கு வயிறு எரிந்தது. செருப்புகூடப் போடாமல் பின்னாலேயே ஓடினேன்.

நான் மூச்சு வாங்கப் போய்ச் சேர்ந்தபோது சித்தி அப்போதுதான் இறங்கியிருந்தாள். மாமா பழக்கதோஷத்தில் அந்தப் பையனைக் காட்டி, "உன்னியத் தேடி ஒரே அழுவம்மா" என்றார். பையன் நிம்மதியாகத் தோசை மென்றுகொண்டிருந்தான்.

சித்தி அவனைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள், மாமாவைப் பார்த்தாள். "இவனுமாண்ணே?" என்றாள்.

மாமா தரையைப் பார்த்தார். சித்தி எங்கள் இருவரிடமும் இரண்டு கைகளையும் நீட்டி, "சரி, அழாதீங்க. அதான் வந்துட்டேன்ல" என்றாள். காலி மனைகள் தாண்டும் வரை மாமா காரணமில்லாமல் மணியடித்துக்கொண்டே சைக்கிளைத் தள்ளி வந்தார். எனக்கு வேடிக்கை காட்டுகிறார் என்றுதான் நினைத்தேன்.

அதற்குப் பிறகு பஸ்ஸை விட்டு இறங்கியதும் சித்தியே முந்திக்கொண்டு, "இன்னைக்கும் அழுதாளா?" என்று கேட்பாள். வந்தவர்களும் முகத்தைச் சீரியஸாக வைத்துக்கொண்டு ஆமாம் என்பார்கள்.

சித்திக்கு வேலை நிரந்தரமாயிற்று. கொஞ்ச நாளில் கம்பங்களில் டியூப்லைட்டும் வந்தது. அதோடு என் மவுசும் போயிற்று. தலைவாரிப் பவுடர் போட்டுக்கொண்டு வாசலில் காத்திருப்பேன். யாரும் கூப்பிட வரவில்லை. மாமா தையல் மிஷினை விட்டு எழுந்திருக்கவே இல்லை. தெருவுக்கே என்னைப் பிடிக்காமல் போய்விட்டது என்று ஒரு சாயங்காலம் விசும்பி விசும்பி அழுதேன்.

விளக்கு வெளிச்சத்தில் தனியாக நடந்து வந்த சித்தி என்னைத் தூக்கிக்கொண்டு, "எதுக்குடி அழுவுற?" என்று கேட்டாள். போண்டாவுக்காக என்று சொல்ல வெட்கமாக இருந்தது.

"உன்னியத் தேடித்தான்" என்றேன்.

சித்தி என்னை இறுக்கிக் கட்டிக்கொண்டு, தையல்கார மாமா வீட்டைப் பார்த்தபடி அப்படியே நின்றாள். இவ்வளவு சின்னப் பொய்க்கு எதற்கு இவ்வளவு நேரம் என்று எனக்கு விளங்கவே இல்லை.