குடிதண்ணி மேடு

மணல் மேட்டின் அடியில் தோண்டியிருந்த குழிக்கு முன்னால் மண்டியிட்டு, எங்கள் திட்ட அதிகாரி அம்மா இரண்டு கைகளையும் சேர்த்துத் தண்ணீர் அள்ளிக் குடித்தார். குடித்ததும் எழுந்திருக்கவில்லை. புடவைக் கரை ஈர மணலில் கிடந்தது. மேட்டுக்கு அந்தப் பக்கம் கடல் இரைந்துகொண்டிருந்தது. தலையைச் சாய்த்து அந்தச் சத்தத்தைக் கேட்டார், மறுபடி குழியைப் பார்த்தார். "உப்பே இல்லையே!" என்றார். அவர் முகத்தில் அப்படி ஒரு சந்தோஷத்தை நான் அலுவலகத்தில் ஒரு நாளும் பார்த்ததில்லை.

பேரப்பிள்ளைகளே, எழுபதுகளில் நான் செங்கல்பட்டில் ஒரு திட்ட அலுவலகத்தில் டைப்பிஸ்டாக இருந்தேன். எஸ்.எஸ்.எல்.சி.யும் தமிழ் டைப்பிங்கில் லோயர் கிரேடும்தான் என் படிப்பு. நாட்டுக்கு ஐந்தாண்டுத் திட்டம் என்று ஒன்று போடுவார்கள். எந்த ஊரில் என்ன இருக்கிறது, அதை வைத்து என்ன செய்யலாம் என்ற விவரம் கீழேயிருந்துதான் மேலே போக வேண்டும். மாமல்லபுரத்திலிருந்து புதுப்பட்டினம் வரையிலான கடலோரம் எங்கள் பங்கு. இன்றைக்கு நீங்கள் சுற்றுச்சூழல் என்று ஒரு பாடமே படிக்கிறீர்கள். அப்போது எங்கள் படிவத்தில் அதற்கு ஒரு கட்டம்கூடக் கிடையாது. நஞ்சை, புஞ்சை, புறம்போக்கு, தரிசு. மண்ணில் எது இருந்தாலும் இந்த நாலுக்குள் அடங்கிவிட வேண்டும்.

அந்த அம்மா தஞ்சாவூர்ப் பக்கத்துக்காரர். என்னைவிட நாலைந்து வயது மூத்தவராக இருப்பார். எங்கள் அலுவலகத்துக்கு வந்த முதல் பெண் அதிகாரி. அவர் உள்ளே வந்தால் எல்லோரும் எழுந்து நிற்போம், அறைக்குள் போனதும் உட்கார்ந்து சிரிப்போம். நானும் சிரித்திருக்கிறேன். மத்தியானம் ஜன்னல் பக்கம் திரும்பி உட்கார்ந்து தனியாகச் சாப்பிடுவார். அவருடைய டிபன் பாக்ஸ் மூடியின் சத்தம் வெளியே எங்களுக்குக் கேட்கும். அந்த அறையிலிருந்து வேறு சத்தமே வராது.

மேடு இருந்த மீனவர் குப்பத்துக்கு அன்று என்னையும் அழைத்துப் போனது, சர்வே எண்களைப் படித்துச் சொல்ல. மீன் கூடையை இறக்கிவைத்துவிட்டு எங்களையே பார்த்துக்கொண்டிருந்த ஒரு அம்மாள் கிட்டே வந்தாள்.

"இன்னாம்மா எழுதிகினு கீற?"

"இந்த மேட்டைத் தரிசுன்னு போட்டிருக்கும்மா. அதைத்தான் சரிபார்க்கறோம்."

"தரிசுன்னா?"

"ஒண்ணுக்கும் ஆகாத நிலம்."

அந்த அம்மாள் இடுப்பில் கை வைத்துச் சிரித்தாள். "ஒண்ணுக்கும் ஆகாததா? அப்போ இத்த குடிச்சுகினு கீற நாங்கல்லாம் இன்னா, பேயா?"

அதிகாரி அம்மாவும் சிரித்துவிட்டார். "நீங்க இதை என்னன்னு சொல்வீங்க?"

"குடிதண்ணி மேடு. மழை பெய்ஞ்சா மேடு குடிச்சிக்கும், வெயில்ல நமக்குக் குடுக்கும். மேடு போச்சின்னா கடலு கீழால வந்துடும். இது பச்சப் புள்ளைக்குக்கூடத் தெரியும், ஆபீசருக்குத்தான் தெரில."

வண்டியில் திரும்பும்போது அவர் அந்தச் சொல்லைத் தனக்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டே வந்தார்.

மறுநாள் கூட்டத்தில், அந்தச் சர்வே எண்ணுக்கு நேரே 'குடிதண்ணீர் மேடு' என்று எழுதப்போவதாகச் சொன்னார். எங்கள் சூப்பிரண்டு மரியாதையாகத்தான் பேசினார். "கிராமக் கணக்குல இல்லாத வகையை நாம எழுத முடியாதுங்கம்மா."

"இல்லாததுனாலதான் எழுதறேன்" என்றார் அவர். "தரிசுன்னு போனா, சும்மாக் கிடக்குதுன்னு யாராவது ஒருத்தர் வெட்டிடுவாங்க."

அவர் போன பிறகு டீ வந்தது. "நிலத்துல புதுசா ஒரு வகை கண்டுபிடிச்சுட்டாங்கப்பா" என்றார் சூப்பிரண்டு. "இன்னிக்குக் குடிதண்ணி மேடு. நாளைக்கு நாஸ்தா மேடும்பாங்க. மெட்ராஸ்ல இதைப் படிக்கிறவன் விழுந்து விழுந்து சிரிக்கப் போறான்." டீ கிளாஸ் கையில் இருக்க, அத்தனை பேரும் சிரித்தார்கள். அன்று எனக்கு மட்டும் சிரிப்பு வரவில்லை.

அந்த வாரமே அவர் அப்பாவுக்கு உடம்பு சரியில்லை என்று தந்தி வந்தது. கிளம்பும் அவசரத்திலும் என் மேஜைக்கு வந்து, கையால் எழுதிய தாள்களைக் கொடுத்தார். "ஒரு எழுத்து மாறாம அடிச்சு அனுப்பிடுங்க. உங்களைத்தான் நம்பிப் போறேன்."

அடித்துக்கொண்டே வந்தேன். அந்த வரி வந்தது. விரல் நின்றுவிட்டது. மெட்ராஸில் முகம் தெரியாத யாரோ அந்தத் தாளைத் தூக்கிப் பிடித்துச் சிரிப்பது கண்ணுக்குத் தெரிந்தது. இங்கே சிரிப்பது போதாதா, அங்கேயும் அவரைப் பார்த்துச் சிரிக்க வேண்டுமா என்று நினைத்தேன். படிவத்தின் கடைசிக் கட்டத்தில் 'உள்ளபடியே விடப்பட வேண்டும்' என்று அவர் எழுதியிருந்ததே, விஷயம் அதில் வந்துவிட்டது, வகையில் என்ன இருக்கிறது என்றும் நினைத்தேன். 'தரிசு' என்று அடித்தேன். யாரும் என்னிடம் அப்படி அடிக்கச் சொல்லவில்லை. அவருக்கு ஒரு உபகாரம் செய்ததாகவே எண்ணிக்கொண்டு அன்று வீட்டுக்குப் போனேன்.

அப்பாவின் காரியம் முடிந்து, நெற்றியில் விபூதியோடு அவர் திரும்பி வந்தார். "அனுப்பிட்டீங்களா?" என்று மட்டும் கேட்டார். நகலைக் காட்டச் சொல்லவில்லை. அதற்கப்புறம் தினமும் பதினோரு மணிக்குத் தபால் வரும்போது அறை வாசலுக்கு வந்து நிற்பார். "ஏதாவது வந்துதா?" என்பார். "இல்லைங்கம்மா" என்பேன். மாதக்கணக்கில் இது நடந்தது. அப்பாவும் போய்விட்டார், அலுவலகத்தில் பேச ஆளும் இல்லை. அவர் எதிர்பார்த்திருந்தது அந்த ஒரு பதிலைத்தான். அது வராது என்று எனக்கு மெல்ல மெல்ல உறைத்தது. மேலே தொகுப்பவர்கள் கடைசிக் கட்டம் வரை படிப்பதில்லை. தரிசு என்று கண்டதையெல்லாம் கூட்டி, பயன்படுத்தத் தக்க நிலம் என்று ஒரே வரியாகப் போடுவார்கள். அச்சாகி வந்த திட்டப் புத்தகத்திலும் அப்படித்தான் இருந்தது. அவர் அந்தப் பக்கத்தை நெடுநேரம் பார்த்தார். "அந்தச் சொல்லை மேலே வெட்டிட்டாங்க" என்றார். நான் காகிதத்தை மிஷினில் சொருகிக்கொண்டிருந்தேன். நிமிரவில்லை.

மேட்டை வெட்டிப் பள்ளத்தில் கொட்டி, யாத்ரிகர் விடுதி ஒன்றுக்கு இடத்தைச் சமன் செய்தார்கள். அடுத்த கோடையில் நாங்கள் போனபோது குழி அப்படியே இருந்தது, தண்ணீரும் இருந்தது. அவர் ஒரு வாய் அள்ளிக் குடித்துவிட்டுத் துப்பினார். அதே மீன்கார அம்மாள் எதிரே நின்றாள். இந்தத் தடவை சிரிக்கவில்லை.

"எழுதிகினு போனியே, இன்னாதான் எழுதின?"

"நீங்க சொன்னதைத்தாம்மா எழுதினேன். மேலே ஒத்துக்கலை."

"மேலன்னா எங்க? அங்க கீறவன் இன்னா தண்ணி குடிக்கிறான்?"

அதிகாரி அம்மா தலையைக் குனிந்து நின்றார். நான் அவருக்கு இரண்டடி பின்னால், சர்வே நோட்டை மார்போடு அணைத்துக்கொண்டு நின்றேன். அப்போது வாயைத் திறந்திருந்தால் ஒரு நிமிஷ வேலை. திறக்கவில்லை.

கொஞ்ச நாளில் அவருக்கு மாற்றல் வந்தது. ரயிலடிக்கு வழியனுப்ப நான் ஒருவன்தான் போனேன். வண்டி நகர்வதற்கு முன்னால் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு சொன்னார்: "இந்த ஆபீஸ்ல நான் எழுதினதை எழுதினபடி அடிச்சவர் நீங்க ஒருத்தர்தான். மறக்க மாட்டேன்." நான் கையெடுத்துக் கும்பிட்டேன். வண்டி போன பிறகும் கையை இறக்காமல் நின்றிருந்தேன், போர்ட்டர் ஒருவர் தோளைத் தொட்டு நகரச் சொன்னார்.

அதற்குப் பிறகு அவரை நான் பார்க்கவில்லை. விலாசம் தெரிந்திருந்த காலத்தில் கடிதம் எழுதத் துணிவு வரவில்லை. துணிவு வந்தபோது விலாசம் இல்லை. உங்கள் அம்மாவிடம்கூட இதை நான் சொன்னதில்லை. ஒரு நாட்டின் திட்டம் எங்கோ பெரிய மேஜையில், பெரிய மனிதர்கள் கையால் எழுதப்படுவது என்று நீங்கள் நினைப்பீர்கள். அதில் ஒரு சொல்லை, செங்கல்பட்டில் ஒரு டைப்பிஸ்ட், நல்லது செய்வதாக நினைத்து மாற்றினான். நம்பிக் கொடுத்தவரிடம் கடைசிவரை அதைச் சொல்லவும் இல்லை.

போன மாதம் பஸ் ஏறி அந்தக் குப்பத்துக்குப் போனேன். வடக்கே நெம்மேலியில் இப்போது கடல்நீரையே குடிநீராக்கிக் குழாயில் பட்டணத்துக்கு அனுப்புகிறார்கள். இந்தக் குப்பத்துக்குத் தண்ணீர் லாரியில் வருகிறது. தார் ரோட்டோரம் பிளாஸ்டிக் குடங்கள் வரிசையாக இருந்தன. யாரிடமாவது சொல்ல வேண்டும் என்றுதான் போயிருந்தேன். வரிசையில் நின்ற ஒரு பெண்ணிடம், "இங்கே ஒரு மேடு இருந்ததும்மா" என்று தொடங்கினேன்.

"எங்க? இங்கயா?" என்று சுற்றிலும் பார்த்தாள். அதற்குள் ஹாரன் சத்தம் கேட்டது. எல்லோரும் குடத்தைத் தூக்கினார்கள். "தள்ளி நில்லு பெருசு, லாரி வருது" என்றாள்.

தள்ளி நின்றேன்.