குரங்கு தின்ற எட்டுப் பக்கம்

நான் செய்த முட்டாள்தனங்களை வரிசைப்படுத்தினால், ஐந்தாம் பாகத்தை ஜீப்பின் பானெட் மேல் வைத்துவிட்டு டீ குடிக்கப் போனது முதல் மூன்று இடங்களுக்குள் வரும். மற்ற இரண்டும் என் மனைவிக்குத் தெரியாது என்பதால் இங்கே எழுதவில்லை.

ஐந்தாம் பாகம் என்பது, பன்னிரண்டாம் வகுப்புப் படிக்கும் என் தங்கை மகள் இரண்டு வருடமாகக் காத்திருந்த மாயாஜாலக் கதை வரிசையின் கடைசிப் புத்தகம். நாலாம் பாகத்தின் முடிவில் கதாநாயகியின் தம்பி பனிக்கதவுக்குள் போய்விட்டான். திரும்பி வந்தானா இல்லையா? அவளுக்கு அது தெரிந்தாக வேண்டும். பரீட்சை முடிவுக்குக்கூட அவள் இப்படித் தவித்ததில்லை. எங்கள் ஊர் மஞ்சக்குட்டையில் மூடுபனி இறங்கும்போதெல்லாம் வாசலில் நின்று, "இந்த மாதிரிதானுங்க மாமா, இதுக்குள்ளதான் போனான்" என்பாள். எதிரே இருப்பது பஞ்சாயத்துத் தண்ணீர்த் தொட்டி என்று ஒருமுறை சொல்லிப் பார்த்தேன். பலனில்லை.

சேலத்தில் புத்தகத்தை வாங்கியது நான்தான். அடிவாரம் தாண்டி அத்தனை வளைவுகளிலும் மடியிலேயே வைத்திருந்தேன். ஏற்காட்டில் ஷேர் ஜீப்பில் ஏறும் முன் ஒரே ஒரு டீ.

"ரைட்டரே, உங்க பொஸ்தகம் மரமேறுதுங்க!" என்றார் டிரைவர்.

சில்வர் ஓக் மரத்தில் உட்கார்ந்து ஒரு குரங்கு அதைப் பின்னாலிருந்து படிக்க ஆரம்பித்திருந்தது. டிரைவர் வாழைப்பழத்தைக் காட்டியதும் கீழே போட்டது. கடைசி எட்டுப் பக்கத்தை மட்டும் தின்றுவிட்டிருந்தது.

குரங்கைப் பற்றி எதுவும் சொல்லாமல் அவளிடம் புத்தகத்தைக் கொடுத்துவிட்டு நழுவினேன். அவள் படித்து முடிப்பதற்குள் நானே முடிவை எழுதிவிடலாம் என்று தோன்றியது. ஏன் தோன்றாது? எஸ்டேட்டில் இருபது வருடமாக எல்லோரும் என்னை ரைட்டர் என்றுதான் கூப்பிடுகிறார்கள். வேலைக்கு யார் வந்தார், யார் வரவில்லை என்று மஸ்டர் நோட்டில் குறிப்பவனுக்கு அந்தப் பெயர் என்பது அப்போது மறந்துபோயிற்று.

மறுநாள் மத்தியானமே வந்து நின்றாள்.

"ஏனுங்க மாமா, கடைசி எட்டுப் பக்கம் எங்கீங்க?"

"குரங்கு, கண்ணு."

சிரிக்கவில்லை. நான் எழுதியதை நீட்டினேன். நின்றபடியே படித்தாள்.

"'தம்பி காலை ஏழரைக்கு ஆஜர்.' இது என்னங்க?"

"வந்துட்டான்னு அர்த்தம்."

"'டிராகன், மழையால் அரை நாள்'?"

"ரெக்கை நொம்ப நனஞ்சு போச்சு. முழு நாள் எப்படிப் போடறது?"

"'சூனியக்காரி, தகவல் இல்லாமல் லீவு.' மாமா, அவ மூணாம் பாகத்துலயே செத்துட்டாளுங்க."

"அதனாலதான் தகவல் இல்ல."

காகிதத்தை மடித்து என் கையிலேயே கொடுத்தாள். "ரெண்டு வருசமுங்க மாமா" என்றாள்.

சேலம் கடையில் புத்தகம் தீர்ந்துபோய், அடுத்த வாரம்தான் வேறு பிரதி வந்தது. இந்த முறை சட்டைக்குள் வைத்துக் கொண்டுவந்தேன். டீ குடிக்கவில்லை. அவள் அதைக் கையில் வாங்கிய இடத்திலேயே, வாசலில் நின்று, அந்த எட்டுப் பக்கத்தைப் படித்தாள். நான் அவள் முகத்தைப் படிக்கப் பார்த்தேன். அதில் ஒன்றும் எழுதியிருக்கவில்லை.

அந்த ஒரு வாரமாக எனக்கும் ஒரு அரிப்பு. தம்பிக்கு ஆஜர் போட்டவன் நான். ஆனால் அவன் வந்ததை நான் பார்க்கவில்லை. இருபது வருடத்தில் கண்ணால் பார்க்காத ஆளுக்கு நான் ஆஜர் போட்டதே கிடையாது.

"கண்ணு, தம்பி வந்தானா?"

புத்தகத்தை மூடினாள்.

"மஸ்டரப் பாத்துக்குங்க மாமா."