கையெழுத்துக் கேட்ட துவக்கு

கனடாவில் ஓர் ஆண் துவக்கு வாங்க வேண்டுமென்றால் பெண்சாதியிடமும் ஒரு வார்த்தை கேட்க வேண்டும். துவக்கு என்றால் எங்களுக்குத் துப்பாக்கி. தமிழ்நாட்டு வாசகர்கள் நான் எதையோ ஆரம்பிக்கச் சொல்கிறேன் என்று எண்ணிவிடாதீர்கள். நகரத்துக்குள் இருக்கிற மல்வேர்னில், சுவரோடு சுவர் ஒட்டிய எங்கள் டவுன்ஹவுஸ் சமையலறையில் நான் கத்தரிக்காய் பொரித்துக்கொண்டு நின்றபோது, என் கணவர் யோகன் ஒரு படிவத்தை நீட்டினார்.

“இஞ்சரும், உதில ஒரு சைன் வையும்.”

“என்னத்துக்கு?”

“துவக்கு லைசென்சுக்கு.”

கையில் இருந்த அகப்பை எண்ணெய்க்குள் விழுந்தது. படிவத்தைப் பார்த்தால், உண்மையாகவே மனைவி ஒப்பமிட ஓர் இடம் விட்டிருக்கிறார்கள். நான் வைக்காவிட்டால் அவர்களே என்னைத் தேடித் தகவல் சொல்வார்களாம். இந்த மனிசன் மூன்று தரம் கார் மாற்றினார், ஒரு தரமாவது என்னைக் கேட்டாரா? அரசாங்கம் கேட்கிறது! எனக்கு வந்த சந்தோசப் புளுகத்தில் கத்தரிக்காய் கருகியதே தெரியவில்லை.

இவருடைய பயத்திலும் நியாயம் இருந்தது. போன மாதம் பட்டப்பகலில் எதிர்வீட்டுக் கதவை உடைத்து உள்ளே புகுந்துவிட்டார்கள். அன்றையிலிருந்து யோகனுக்கு ஒழுங்கான நித்திரை இல்லை. வந்த புதிதில் பார்க்டேலில் ஓர் அறைக்குள் ஐந்து பேரோடு படுத்தெழும்பி, இரண்டு வேலை செய்து, கடைசியில் வாங்கிய வீடு இது. இதைக் காக்க வேண்டும் என்று ஆளுக்கு ஒரே பிடி. ஓவர்டைம் என்று எனக்குச் சொல்லிவிட்டு, இரண்டு சனிக்கிழமை ஒஷாவாவில் துவக்குப் பாதுகாப்பு வகுப்புக்குப் போய், சோதனையும் பாஸ் பண்ணியிருக்கிறார். கள்ளன்!

ஊரில் நாங்கள் துவக்கைத் தேடிப் போனதில்லை. அதுதான் எங்களைத் தேடி வந்தது. ஆமியின் பச்சை உடுப்போடு வந்தது, இயக்கத்தின் வரி உடுப்போடும் வந்தது. அலுமாரியைக் கிளறியது, கிணற்றை எட்டிப் பார்த்தது, அடுப்படியில் தேத்தண்ணீர் கேட்டுக் குடித்தது. எனக்குப் பதினேழு வயது வரை எங்கள் வீட்டுக்குள் எத்தனை துவக்கு வந்து போனது என்று கணக்கில்லை. உள்ளே வரலாமோ என்று ஒன்றாவது அம்மாவிடம் கேட்டதா? ஆகவே அந்தப் படிவத்தில் ஒப்பமிடவும் மனம் வரவில்லை, வைக்கமாட்டேன் என்று சொல்லி இவரை நித்திரையில்லாமல் விடவும் மனம் வரவில்லை.

“முதல்ல சாமானைக் காட்டுங்கோ, பிறகு சைனைப் பாப்பம்” என்றேன்.

அடுத்த சனிக்கிழமை வேட்டைச் சாமான் கடைக்குப் போனோம். தாடி வைத்த பெரிய வெள்ளைக்காரர் ஒருவர் அன்பாக வரவேற்று, எதற்காக றைபிள் பார்க்கிறீர்கள் என்று கேட்டார். யோகன் நெஞ்சை நிமிர்த்தி, “ஃபோர் ஹவுஸ்” என்றார்.

கடைக்காரருடைய முகம் மலர்ந்துவிட்டது. எங்கே போவீர்கள் என்று கேட்டார். நாங்கள் எங்கேயும் போவதில்லை, மல்வேர்னுக்கே வருகிறார்கள் என்றார் யோகன். “மல்வேர்னிலா!” என்று அவர் வாய் பிளந்தார். இரண்டு மூன்று பேராகச் சேர்ந்து வருவார்கள், கதவையும் உடைப்பார்கள் என்று இவர் விளங்கப்படுத்தினார். அவர் கொஞ்சம் யோசித்துவிட்டு, விரல் நீளக் குண்டை ஒதுக்கி, நிலக்கடலை அளவுக் குண்டு ஒன்றை எடுத்து மேசையில் வைத்தார். இதுவே போதும், பெரியதால் சுட்டால் சாப்பிட இறைச்சி மிஞ்சாது என்றார்.

யோகன் என் காதுக்குள் குனிந்தார்.

“என்னப்பா இவன், கள்ளனைத் தின்னச் சொல்லுறான்!”

சுவரில் கவுதாரி மாதிரி ஒரு பறவையின் படம் இருந்தது. கீழே அதன் பெயர்: கிரவுஸ். எனக்கு விளங்கிவிட்டது: இவருடைய ‘ஃபோர் ஹவுஸ்’ அவருடைய காதில் ‘ஃபோர் கிரவுஸ்’ என்று விழுந்திருக்கிறது. நான் படத்தைக் காட்டி, இதற்கில்லை, வீட்டுக்கு வருகிற கள்ளனுக்கு என்று சொல்ல, கடைக்காரர் கண்ணில் நீர் வரச் சிரித்தார். சிரித்து முடிந்ததும், எங்களுக்குக் காட்ட இறக்கி வைத்த றைபிளைத் திரும்பச் சுவரில் கொழுவிவிட்டார். அந்த நோக்கத்துக்குத் தான் துவக்குக் காட்டுவதில்லையாம். பெரிய குண்டு டவுன்ஹவுஸ் சுவரைத் துளைத்துப் பக்கத்து வீட்டுக்குள் போய்விடுமாம். துவக்கை ஒரு பூட்டுக்குள்ளும் குண்டை இன்னொரு பூட்டுக்குள்ளும் வைப்பதே நல்லதாம். கதவுக்கு நல்ல பூட்டாகப் போடச் சொன்னார்.

யோகன் விடுகிற ஆளில்லை. “ரெண்டு பூட்டுத்தானே, ஒரு நிமிசத்தில திறந்திடுவன்” என்றார். செய்து காட்டுங்கோ, கள்ளனை முந்தினால் அந்த இடத்திலேயே ஒப்பமிடுகிறேன் என்றேன்.

ஞாயிற்றுக்கிழமை இடியப்பம் சாப்பிட்ட கையோடு ஒத்திகை நடந்தது. வேலைக்குப் போகிற எங்கள் மகள் அபிதான் கள்ளன். மொப் தடி றைபிள். அது மேல்மாடி அலுமாரிக்குள். ரி.வி. றிமோட்டின் பற்றரிகள் குண்டு. அவை பேஸ்மென்டில் ஒரு பெட்டிக்குள். கட்டிலில் படுத்திருந்த யோகன், அபி வாசல் கதவைத் தட்டியதும் துள்ளி எழும்பினார். அலுமாரிப் பூட்டின் திறப்பு காற்சட்டைப் பையில். காற்சட்டை வோஷிங் மெஷினுக்குள், ஓடிக்கொண்டிருக்கிறது. “மெஷினை நிப்பாட்டும்!” என்று கத்தியபடி மேலும் கீழும் ஓடினார்.

“அப்பா, ஐ’ம் டன்!” என்று அபி கூப்பிட்டாள். “ரி.வி. எடுத்திட்டன், அம்மான்ர நகையும் எடுத்திட்டன். நான் இப்ப ஒஷாவாவில நிக்கிறன்!”

சிரித்துச் சிரித்து எனக்கு வயிறு நோவெடுத்தது. எத்தனை காலத்துக்குப் பிறகு இந்த வீட்டில் மூன்று பேரும் ஒன்றாகச் சிரித்தோம்!

அந்தச் சிரிப்போடு நான் தேத்தண்ணீர் ஊற்றிக்கொண்டிருக்க, யோகன் வியர்த்து வழிந்தபடி சமையலறைக்குள் பாய்ந்தார். மொப் தடியைத் தோளில் வைத்துக் குறிபார்த்து, “டோன்ட் மூவ்!” என்றார்.

என் கைகள் மேலே போய்விட்டன. நான் தூக்கவில்லை, அவையாகவே போயின, உள்ளங்கை தெரிய, காதுக்கு மேலே. அபியும் பகிடியாகத் தன் கைகளைத் தூக்கினாள். “அம்மா, நீங்க கள்ளன் இல்லை, நான்தான் தீஃப்!”

யோகன் என் கைகளைப் பார்த்தார். ஊரில் துவக்குக்கு முன்னால் பழகிய அந்த உயரம் அவருக்கும் தெரியும். தடியை மெதுவாகச் சுவரில் சாத்தினார்.

“சைன் ஒண்டும் வேண்டாமப்பா, விடும். நல்ல பூட்டு ஒண்டு போடுவம்” என்றார். பிறகு தன் இரண்டு கைகளையும் தூக்கிக்கொண்டு என் முன்னால் வந்து நின்றார். “நான் உமக்குச் சரண்டர்.”

துவக்கே இல்லாத சமையலறையில் மூன்று பேரும் கையைத் தூக்கிக்கொண்டு நின்று விழுந்து விழுந்து சிரித்தோம். அபி முதலில் கையை இறக்கினாள்; இங்கே பிறந்த பிள்ளை, நினைத்தவுடன் இறக்கிவிட்டு எங்களைப் படம் எடுக்கத் தொடங்கினாள். நாங்கள் இரண்டு பேரும் சிரித்தபடியே நின்றோம், இறக்கலாம் என்று யாராவது சொல்லட்டும் என்று.