புருவம் எடுப்பவரின் வாக்கு

புருவம் எடுக்கும் நூலின் ஒரு முனையைப் பல்லில் கடித்தபடியே நகுலேஸ்வரி கேள்வி கேட்கத் தொடங்கிவிடுவார். நாற்காலியில் மல்லாந்து கிடப்பவர் கண்ணை மூடி, இமைத் தோலை இரண்டு விரலால் இழுத்துப் பிடித்திருப்பார். எழுந்து ஓட வழியில்லை. இன்றைக்கு அகப்பட்டவள் கம்சிகா. மதிய இடைவேளையில் அவசரமாக வந்த இளம் வழக்கறிஞர்.

“பிள்ளை, ஒருத்தன் உன்ர வீட்டுக்குள்ள ஒருநாளும் காலெடுத்து வைக்கமாட்டன் எண்டு சத்தியம் பண்ணுறான். வீடு பத்தி எரிஞ்சாலும் வரமாட்டன் எண்டும் சொல்லுறான். அவனை நம்பலாமோ?”

லண்டன் ஸ்ட்ரெதம் சலூனில் அவருக்கு இது ஒன்பதாவது வருடம். ஆனாலும் கடையில் தரும் நூலைத் தொடமாட்டார். நூற்கட்டை தன் கைப்பையில்தான் வரும். பஸ் வரும் நேரத்தைப் பலகை காட்டினாலும், பக்கத்தில் நிற்பவரிடம் கேட்டு உறுதிப்படுத்துவார். அரசாங்கக் கடிதம் வந்தால் அது ஒரு முழுநாள் மேசையில் காத்துக் கிடக்க வேண்டும். “உடன திறந்தா, பயந்திட்டன் எண்டு நினைப்பாங்கள்” என்பார். யார் நினைப்பார்கள் என்று கேட்டால் அந்த ஆளையும் சந்தேகப்படுவார்.

சும்மா வந்த சந்தேகமில்லை. லண்டனுக்கு வருமுன் பதினான்கு வருடம் அமெரிக்காவில் கணவரோடு இருந்தவர். அங்கே ஒரு கடைத்தொகுதியின் மூலையில் இதே தொழிலைச் செய்தார். புருவம் எடுக்க லைசென்ஸ் வேண்டும் என்று அதிகாரிகள் வந்து பூட்ட வைத்தார்கள். “அறுநூறு மணித்தியாலம் வகுப்புக்குப் போகட்டாம். போய்ப் பாத்தன். தலைக்கு டை அடிக்கப் படிப்பிக்கிறாங்கள். நூலைப் பற்றி ஒரு சொல் இல்லை.” கணவர் காலமானபின் மகளோடு இங்கே வந்தார். கடவுச்சீட்டு அமெரிக்காவுடையது; வாக்கும் அங்கேதான்.

அதனால்தான் இந்த முறை அமெரிக்க ஜனாதிபதித் தேர்தலில் மூன்றாவது கட்சிக்காரர் ஒருவர் மனதைப் பிடித்துக்கொண்டார். உழைத்துச் சாப்பிடுகிறவனிடம் லைசென்ஸ் கேட்க அரசாங்கம் யார் என்கிறார் அவர். எல்லா வேட்பாளர்களையும் போல அவரையும் நகுலேஸ்வரி தொலைக்காட்சியில் சத்தத்தை நிறுத்திவிட்டுத்தான் பார்த்தார். பொய் சொல்கிறவனின் புருவம் ஒரு பக்கம் ஏறும் என்பது அவருடைய தொழில் அனுபவம். பெரிய கட்சிக்காரர் இருவருக்கும் நன்றாகவே ஏறியது. இவருக்கு அசையவேயில்லை. அதுவும் நகுலேஸ்வரிக்குப் பிடிக்கவில்லை.

பிறகு சத்தத்தைப் போட்டுக் கேட்டார். அந்நிய நாடுகளில் நடப்பது நமக்கெதற்கு, ஐ.நா.வை விட்டு வெளியேறுவோம், யாருடைய சண்டையிலும் மூக்கை நுழைக்கமாட்டோம் என்றார் மனிதர். நகுலேஸ்வரியின் தம்பி யோகராஜா, இலங்கை யுத்தத்தின் கடைசி நாட்களில் இராணுவத்திடம் சரணடையப் போனவன். இன்னும் திரும்பவில்லை. தங்கை செல்வமலர் அவனுடைய படத்தோடு காணாமல் ஆக்கப்பட்டோரின் உறவினர் போராடும் கிளிநொச்சி வீதியோரக் கொட்டகையில் வருடக்கணக்காகக் குந்தியிருக்கிறாள். உள்ளூரில் கேட்பாரில்லை என்றபின் வெளிநாட்டாரை எதிர்பார்த்தே அந்தக் கொட்டகை நிற்கிறது.

“அவர் எப்பிடியும் வெல்லமாட்டார் அன்ரி. பிறகென்ன யோசனை?” என்றாள், வீட்டுக்குள் வரமாட்டேன் என்ற அந்த ஒருத்தன் யாரென்று கேட்டறிந்த கம்சிகா.

“வெல்லாட்டி? குறிக்கிற கை என்ரதெல்லோ.”

இடது புருவம் முடிந்த நேரம் கைபேசி அடித்தது. செல்வமலர்.

“அக்கா, இண்டைக்கு அமெரிக்கன் எம்பசி ஆக்கள் வந்தவை.”

“வழக்கம்போல எழுதிக்கொண்டு போட்டினமோ?”

“ஓம், எழுதினவைதான். ஒண்டும் நடக்காது எண்டு எனக்கும் தெரியும். ஆனா அவையில ஒரு பிள்ளை குனிஞ்சு, படத்தில இருக்கிற தம்பியின்ர பேரை வாய்விட்டு வாசிச்சது. எங்கட வீட்டாக்களைத் தவிர வேற ஒரு சனம் அவன்ர பேரைச் சொல்லி எத்தினை வருசமக்கா.”

நகுலேஸ்வரி பிறகு பேசுவதாகச் சொல்லிக் கைபேசியை வைத்தார்.

“அன்ரி, மற்றப் பக்கம்...” என்றாள் கம்சிகா, ஒரு கண்ணைத் திறந்து.

“பொறு பிள்ளை.”

அமெரிக்காவிலிருந்து தபாலில் வந்து, ஒன்பது நாளாக எதுவும் குறிக்காமல் கைப்பையில் சுமந்து திரிந்த வாக்குச்சீட்டை எடுத்துக் கண்ணாடி முன் விரித்தார். விரல் பெயர்ப் பட்டியலில் மெல்ல இறங்கி, லைசென்ஸ் வேண்டாம் என்றவரின் பெயரில் வெகுநேரம் நின்றது. பின்னர் இடது பெருவிரலால் அந்தப் பெயரை முழுதாக மூடிக்கொண்டு, அதற்கு மேலே, புருவம் ஏறுகிற பெரிய கட்சிக்காரர் ஒருவருக்கு நேரே இருந்த வட்டத்தைக் கறுப்பாக்கத் தொடங்கினார்.